சின்னப் பிள்ளைகள் மேல் ஈர்ப்பு இருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால்?

கேள்வி (கவுன்சலர், மார்த்தாண்டம்):
"யாரையும் தொட்டதில்லை, ஆனால் சின்னப் பிள்ளைகள்மேல் தப்பான எண்ணம் வருது" என்று ஒரு வயசுப் பையன் வந்து சொன்னால் முதல் நாளே என்ன கேட்கணும்? போலீசுக்குச் சொல்லணுமா? விரட்டிவிட்டால் அப்புறம் யாரிடமும் வாய் திறக்கமாட்டான், அதுதான் பயம்.

பதில் (மனநல மருத்துவர், நாகர்கோவில்):
அக்கா, முதலில் இது ஈர்ப்பா, ஓ.சி.டி.யா (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைக்கிற மனநோய்) என்று பிரிக்கணும். ஓ.சி.டி.யில் எண்ணம் வந்ததுமே அருவருப்பும் பதற்றமும்தான். அண்ணன் பிள்ளையைத் தூக்கமாட்டான், "நான் அப்படிப்பட்டவனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பான், தன்னையே சோதித்துக்கொண்டிருப்பான். ஈர்ப்பு என்றால் கற்பனையில் இன்பம் உண்டு, குற்றவுணர்வு பிறகுதான் வரும். பாலியல் கற்பனையில் வருவது எந்த வயசுக்காரர் என்று கூச்சப்படாமல் கேளுங்க. இதைக் கேட்காமல் விட்டால் ஓ.சி.டி. நோயாளிக்குத் தப்பான முத்திரை விழுந்துவிடும்.

டி.எஸ்.எம்.-5 (மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) கணக்குப்படி, இதைப் பீடோபிலியாக் கோளாறு என்று சொல்ல, பருவமெய்தாத பிள்ளைகள்மேல் (பொதுவாக 13 வயசும் அதற்குக் கீழும்) தீவிர ஈர்ப்பு 6 மாதமாவது இருக்கணும். அதன்படி நடந்திருக்கணும், அல்லது அதனால் கடும் வேதனையோ உறவுச் சிக்கலோ இருக்கணும். ஆளுக்கு 16 வயசாவது ஆகியிருக்கணும், பிள்ளையைவிட 5 வயசாவது மூத்தவராக இருக்கணும். பிள்ளைகளைச் சீரழிக்கிற எல்லாருக்கும் இந்தக் கோளாறு இல்லை. இது உள்ள எல்லாரும் கைவைப்பதும் இல்லை. தானாக உதவி தேடி வருகிறவர்களுக்காகத்தான் பெர்லின் சாரிட்டே மருத்துவமனை 2005-ல் தனித் திட்டமே தொடங்கியது.

அன்றைக்கே பிள்ளைகளோடு தனியாக இருக்கிற நேரத்தை எழுதி வாங்குங்க: வீட்டு டியூஷன், ஞாயிறு பள்ளி, ஸ்கூல் வேன். அதை முதலில் நிறுத்தணும், சிகிச்சை பிறகு. குடி, தற்கொலை எண்ணம் இரண்டையும் கேட்காமல் அனுப்பாதீங்க.

பதில் (வக்கீல், குழித்துறை):
எண்ணம் மட்டும் குற்றமில்லை. ஆனால் போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) பிரிவு 19-ன்படி குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கும் என்ற அச்சம் இருந்தாலோ போலீசுக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாகணும். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பிரிவு 21-ன்கீழ் 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம். பிள்ளைகளின் ஆபாசப் படங்களைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமே என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரகசியம் எதுவரை என்பதைப் பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்க. பாதியில் சொன்னால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். மாத்திரையில் சரியாகுமா?

பதில் (மனநல மருத்துவர், நாகர்கோவில்):
ஈர்ப்பையே அழிக்கிற மருந்து இல்லை, அடக்கி ஆள முடியும். அடிப்படை சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சைதான், அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது: எந்த மனநிலை, எந்த இடம், எந்த நேரம் அவனை நெருக்குகிறது என்று சங்கிலியாக எழுதி, ஆரம்பக் கண்ணியிலேயே அறுக்கப் பழக்குவது. லேசான நிலைக்கு செர்ட்ராலின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை (மனச்சோர்வு, ஓ.சி.டி.க்கும் கொடுக்கிற) மாத்திரை. ஆபத்து அதிகமென்றால், எழுத்தில் சம்மதம் வாங்கி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் குறைக்கிற லூப்ரோலைட் ஊசி, 3 மாதத்துக்கு ஒருமுறை 11.25 மில்லிகிராம். இங்கேதான் தவறுவார்கள்: முதல் ஊசி போட்டதும் டெஸ்டோஸ்டிரோன் குறையாது, சில நாள் ஏறும். அந்த நேரத்துக்கு அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கிற சைப்ரோடிரோன் மாத்திரையைச் சேர்த்தே கொடுக்கணும். நாள்பட எலும்பு தேயும் என்பதால் டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தி பார்க்கும் சோதனை), கால்சியம், வைட்டமின் டி அவசியம். மனச்சோர்வும் வரலாம். "நல்லாயிட்டேன்" என்று ஊசியை நிறுத்தினால் ஹார்மோன் திரும்பும், உந்துதலும் திரும்பும். அதனால் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கணும்.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். ராத்திரி நெருக்கடி என்றால் டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416. பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. சீட்டில் நோயின் பெயரை எழுதாதீங்க, ஓ.பி. வரிசையில் யார் கண்ணிலாவது படும். "தனியாகப் பேசணும்" என்று மட்டும் எழுதி ஒட்டிய கவரில் கொடுத்துவிடுங்க.