மருந்து கொடுத்த செல்களை விடாமல் படம்பிடித்தபோது

மருந்து கொடுத்த பிறகு பாதிச் செல்கள்தான் மிஞ்சின என்று யாராவது சொன்னால், எந்தப் பாதி என்று கேட்கத் தோன்றும். கிண்ணத்தை மொத்தமாக அளக்கும் சோதனையில் அதற்குப் பதில் கிடைக்காது. ஆகவே பேக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து கொடுத்த ஹீலா செல்களை (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) நுண்ணோக்கியின் கீழேயே வளர்த்து, சில நிமிடங்களுக்கு ஒரு படம் என்று இரவு பகலாக எடுத்தோம். குரோமோசோம்கள் தெரிவதற்காக டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதத்தோடு பச்சை ஒளிர் புரதத்தை இணைத்திருந்தோம்.

மருந்து படாத செல் உருண்டு திரளும். குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டும். சுமார் ஒரு மணி நேரத்தில் செல் இரண்டாகிவிடும். மருந்து பட்டதில், குரோமோசோம்களை இழுக்க வேண்டிய நுண்குழல்கள் உறைந்துபோவதால், செல் உருண்டபடியே மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும். கூத்தே அதற்குப் பிறகுதான். ஒன்று குமிழ் குமிழாகப் பொங்கிச் செத்துவிடும். பக்கத்துச் செல்லோ பிரியாமலேயே மறுபடி தட்டையாகப் படிந்து, சிதறிய உட்கருத் துண்டுகளோடு பிழைத்துக்கொள்ளும். ஒரே தாய்ச் செல்லில் பிறந்த இரண்டுகூட ஆளுக்கொரு வழியில் போவதைப் பார்த்தோம்.

*

படம்பிடித்த நீங்கள் சொல்லும் அந்த உட்கருத் துண்டுகள்தான், படங்களில் செல்களை எண்ணும் வேலையில் இருக்கும் எங்கள் உயிரை எடுப்பவை. ஒட்டிக்கிடக்கும் இரண்டு உட்கருக்களை மென்பொருள் ஒன்றாக எண்ணும். ஒரே செல்லின் நான்கு துண்டுகளை நான்கு செல்களாக எண்ணும். மருந்து கொடுத்ததும் செல்கள் பெருகிவிட்டதாக வரைபடம் காட்டும்! செல்லின் விளிம்புக்குத் தனி நிறச் சாயம் ஏற்றிய பிறகே இது ஓரளவு அடங்கியது. படத்தில் செல்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் செல்போஸ் என்ற மென்பொருள் வந்தபின் பாரம் குறைந்திருக்கிறது. இருந்தாலும், படங்களைக் கண்ணால் பார்க்காமல் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

*

நுண்ணோக்கியின் விளக்கையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நீல ஒளி அதிகமானால் செல்லுக்கு அதுவே நஞ்சு. மருந்தில்லாத செல்களும் பிரியத் தாமதித்தால் நாங்கள் முதலில் ஒளியைத்தான் குறைப்போம். செல் வளர்க்கும் தட்டில் மருந்தும் ஒளியும் படாத குழி ஒன்றை ஒதுக்கிவைத்துக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 96 குழித் தட்டென்றால் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி உப்பு ஏறிவிடும். அவற்றில் செல் போடாமல் வெறும் திரவம் ஊற்றி விட்டுவிடுகிறோம்.