டைஜஸ்டர் (கழிவைக் கிருமிகள் மீத்தேன் கேஸாக்கும் மூடிய தொட்டி) புளித்துவிட்டது, விஎஃப்ஏ (அதில் சேர்ந்திருக்கும் கரிம அமிலம்) 8,400. என்ன செய்யலாம்?

ஷிப்ட் கெமிஸ்ட்:
மொலாசஸிலிருந்து (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) சாராயம் வடிக்கும் டிஸ்டில்லரியில் வேலை. எங்கள் டைஜஸ்டர் 6,000 கனமீட்டர். நாளுக்கு 200 கனமீட்டர் ஸ்பென்ட் வாஷ் (வடித்த பின் மிஞ்சும் கழிவுநீர்) விடுவோம், சிஓடி (கழிவுச் சுமையின் அளவு) லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராம். நன்றாக ஓடும்போது 8,000 கனமீட்டர் கேஸ் வரும். பராமரிப்புக்காக 40 நாள் நிறுத்தியிருந்தோம். திரும்பத் தொடங்கிய நாலாம் நாளே 180-க்கு ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினோம். இப்போது பிஎச் 6.5, ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன்) 11,000, கேஸ் 3,000-கூட இல்லை, மீத்தேன் 42 சதவீதம். சுண்ணாம்பு போடவா, சாணம் போடவா? மேலே இருந்து ஒரே நெருக்கடி.

பழைய ஆபரேட்டர்:
தம்பி, முதலில் ஃபீடை, அதாவது ஸ்பென்ட் வாஷ் விடுவதை, நிறுத்துங்கள். குறைக்க வேண்டாம், முழுசாக நிறுத்துங்கள். அமிலம் உண்டாக்கும் கிருமி சில மணி நேரத்தில் பெருகிவிடும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தருகிற கிருமி இரட்டிப்பாகப் பல நாள் ஆகும். 40 நாள் பட்டினி கிடந்த கிருமிக்கு நாலே நாளில் முழுச் சாப்பாடு போட்டால் எப்படித் தாங்கும்? விஎஃப்ஏ-வை ஆல்கலினிட்டியால் வகுத்துப் பாருங்கள்: 0.76. நான் 0.3 தாண்டினாலே ஃபீடைக் குறைப்பேன்.

சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகக் கொட்டாதீர்கள். அது கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும், டோமில் (தொட்டியின் மேல்கூரையில்) வெற்றிடம் உண்டாகும். கோலாப்பூர் பக்கம் ஒரு ஆலையில் இருந்தபோது, ஒரே ஷிப்டில் கொட்டியதால் கூரைத் தகடு உள்வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பிஎச் இன்னும் இறங்கினால் சோடா பைகார்பனேட் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். விலை அதிகம்தான், ஆனால் பயமில்லை. ரெண்டு டிராக்டர் சாணம் அவ்வளவு பெரிய தொட்டியில் ஒன்றும் செய்யாது. பக்கத்தில் ஓடுகிற டைஜஸ்டர் இருந்தால் அதன் சேற்றை டேங்கரில் கொண்டுவந்து விடுங்கள். சூடு 37 டிகிரியில் நிற்கட்டும், சர்குலேஷன் மெதுவாக ஓடட்டும்.

விஎஃப்ஏ 4,000-க்குக் கீழே வந்ததும் 20 கனமீட்டரில் ஆரம்பியுங்கள். அப்புறம் மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டலாம், விகிதம் 0.3-க்குள் நின்றால் மட்டும். அதுவரை ஸ்பென்ட் வாஷ் எங்கே போகும் என்று மேலே கேட்பார்கள். லைனிங் போட்ட லகூனில் (கழிவுநீர்த் தேக்கக் குளம்) இடம் இருக்கிற அளவுக்கு மட்டும் டிஸ்டிலேஷன் ஓட்டச் சொல்லுங்கள். வேகத்தை இந்தக் கிருமிதான் முடிவு செய்யும்.

லேப் அக்கா:
அண்ணன் சொன்னது சரி. கூடவே சல்பைடும் பாருங்கள். பிஎச் 7-இல் கரைந்த சல்பைடில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கும், பிஎச் இறங்க இறங்க அந்தப் பங்கு கூடும், கிருமியை இன்னும் முடக்கும். சாம்பிள் வால்வுப் பக்கம் மூக்கை நம்பாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் 100 பிபிஎம் வாக்கில் மூக்குக்குத் தெரியாமலே போய்விடும். மீட்டர் இல்லாமல் யாரையும் அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

ஷிப்ட் கெமிஸ்ட்:
அண்ணே, அக்கா, நன்றி. ஃபீடை நிறுத்தி 12 நாள். கூரைத் தகடு கதையை மேலே சொன்ன பிறகுதான் ரெண்டு ஃபெர்மென்டரை (மொலாசஸைப் புளிக்க வைக்கும் தொட்டி) காலியாக வைக்க ஒப்புக்கொண்டார்கள். நேற்று விஎஃப்ஏ 3,600, பிஎச் 7.1. காலையில் 20 கனமீட்டர் விட்டோம். இன்று மீத்தேன் 54.