பட்டனை அமுக்கினேன், அவன் குதிக்கவே இல்லை: கேம் சோதித்தவர்களின் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

நான் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கூடப் படித்த நண்பர் ஒருவர் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து ஒரு பிளாட்ஃபார்மர் கேம் செய்கிறார். தென்னை மட்டையிலிருந்து மட்டைக்கு, கிணற்று மேட்டிலிருந்து வாய்க்கால் மதகுக்கு என்று ஒரு பையன் தாவிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு புதுப் பதிப்பும் முதலில் என் கடைக்குத்தான் வரும். போனைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்கும். வேறு போனை நீட்டினால் மறுக்க மாட்டார்கள்.

பெரியவர்களிடமிருந்து கருத்தே வராது. "நல்லா இருக்குதுங்க, தம்பி கெட்டிக்காரர்" என்று போனைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு ஒரு மதகைக்கூட நகர்த்த முடியாது. பள்ளிக்கூடப் பசங்கள் அப்படி இல்லை. ஒரு பையன் ஒரே கிணற்றில் திரும்பத் திரும்ப விழுந்துவிட்டு, "அண்ணா, உங்க பட்டன் வேலை செய்யல. நான் அமுக்கறேன், அவன் குதிக்க மாட்டேங்கறான்" என்று கோபித்துக்கொண்டான்.

ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போனால், விரல் தொடும் இடத்தைத் திரையில் புள்ளியாகக் காட்டும் வசதி இருக்கிறது. டச் கோளாறு என்று வரும் போன்களுக்கு நான் தினமும் பயன்படுத்துவதுதான். அதை ஆன் செய்து, திரையைப் பதிவு செய்து, நண்பரிடம் கொடுத்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பையன் அமுக்கியது உண்மை. ஆனால் அவன் அமுக்கும்போது கால் மேட்டின் விளிம்பைத் தாண்டியிருந்தது, மூன்று நான்கு ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) தாமதம். வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் என்பது சுமார் 17 மில்லி வினாடி. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விளையாடுபவனுக்கு அது அநியாயமாக மட்டும்தான் படும்.

2018இல் வந்த செலஸ்ட் கேமில் விளிம்பை விட்டு விலகிய பிறகும் 0.1 வினாடி வரை குதிக்க விடுகிறார்கள். அதன் நாயகி எப்படி நகர்கிறாள் என்பதற்கான நிரலை அவர்களே பொதுவில் போட்டிருக்கிறார்கள், யாரும் பார்க்கலாம். இந்தச் சலுகைக்குக் கயோட்டி டைம் என்று பெயர். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே அமுக்கிவிட்டால் அதை நினைவில் வைத்துக்கொண்டு, தொட்டவுடன் குதிக்க வைப்பது ஜம்ப் பஃபர். நண்பர் இரண்டையும் சேர்த்தார். அதே பையனிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தோம். கிணற்றைத் தாண்டிவிட்டு, "இப்ப பட்டனைச் சரி பண்ணிட்டீங்க" என்றான். பட்டனை யாரும் தொடவே இல்லை!

அதற்கப்புறம் யாரிடமும் "என்ன மாத்தணும்" என்று நான் கேட்பதில்லை. எந்த இடத்தில் கடுப்பானது என்று மட்டும்தான் கேட்கிறேன். அந்த ஒன்றை எல்லாரும் சரியாகச் சொல்கிறார்கள்.

களியக்காவிளை ஆள்:

மேலே எழுதியவரோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். கடுப்பான இடத்தில் எல்லாம் மெத்தை விரித்தால் அப்புறம் குதிப்பதற்கு என்ன இருக்கிறது? என் சித்தி மகனும் இப்படி ஒரு கேம் செய்தான். விளையாடியவர்கள் முள்ளைக் குறை, பள்ளத்தைச் சுருக்கு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் அவனைப் பிடித்து உட்கார வைத்து, "லே மக்கா, எதையும் குறைக்காத. விழுறது எனக்குப் பிரச்சினை இல்ல. விழுந்த பிறகு முதல்ல இருந்து நடக்க வைக்கிறியே, அதுதான் எரிச்சல்" என்றேன். விழுந்தால் சோக இசை, கறுப்புத் திரை, பிறகு ஏற்கனவே தாண்டிய தூரம் அத்தனையும் மறுபடி.

2010இல் வந்த சூப்பர் மீட் பாய் எவ்வளவு கொடுமையான கேம்! இருந்தும் சலிக்காது. கட்டங்கள் சின்னச் சின்னவை. செத்த அடுத்த நொடி மறுபடி ஓடிக்கொண்டிருப்போம். சித்தி மகன் அந்தச் சோக இசையை வெட்டினான், விழுந்தால் திரும்ப ஆரம்பிக்கும் இடமாக நடுவில் இரண்டு செக்பாயிண்ட் வைத்தான். முள் ஒன்றுகூடக் குறையவில்லை. ரொம்பக் கஷ்டம் என்ற பேச்சு அத்தோடு நின்றது.

குப்பத்துப் பொண்ணு:

என் புகார் குதிப்பதைப் பற்றியே இல்லை. நான் சோதித்த கேமில் தமிழ் எழுத்து உடைந்து வந்தது. 'கெ' வர வேண்டிய இடத்தில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நின்றது. தெலுங்கைத் தேர்ந்தெடுத்த என் தோழிக்கு ஒத்தெழுத்துகள் கீழே இறங்காமல் வரிசை கட்டி நின்றன. செய்தவர் தமிழும் தெலுங்கும் தெரியாதவர். ஃபாண்ட் மாற்றிப் பார்த்தார், பலனில்லை. காரணம், அவர் கேம் செய்யப் பயன்படுத்திய கோடோ என்ற மென்பொருளின் 3ஆம் பதிப்பு. நம் எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் வேலை அதற்குத் தெரியாது. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4தான் அதைச் செய்கிறது. நான் படம் பிடித்து அனுப்பியதைப் பார்த்து, பாவம், மொத்த கேமையும் அதற்கு மாற்றினார்.

எழுத்து இப்போது அழகாக வருகிறதாம், தோழி சொன்னாள். நான் சோதித்துக்கொண்டிருந்தது அப்பாவின் பழைய போனில். அது ஓபன்ஜிஎல் இஎஸ் என்கிற, போன் திரையில் படம் வரையும் முறையின் 2ஆம் பதிப்பு வரைக்கும்தான் போகும், கோடோ 4 அதில் குறைந்தது 3ஆம் பதிப்பைக் கேட்கிறது. இப்போது கேமே திறப்பதில்லை. இதையும் அவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.