இரு கைத் தூண்டில் வீச்சு: எங்கே, யாரிடம் கற்றீர்கள்?

அபர்டீனிலிருந்து:

ஒரு கை ராடில் (தூண்டில் கோலில்) டிரவுட் மீன் பிடித்துப் பழகியவர்கள் சால்மன் ஆற்றுக்கு வந்ததும் திணறுவது இரு கை வீச்சில்தான். 13 முதல் 15 அடி ராட், கனமான லைன் (தூண்டில் கயிறு), முதுகுக்குப் பின்னால் மரங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒரு மணி நேரப் பாடங்கள் எடுத்திருந்தேன். அவை தராததை, ஒரே ஆசிரியரிடம் தொடர்ந்து சில நாட்கள் நின்று கற்றது தந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் போனது ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுக்கு, கிராண்டவுன் ஊர்ப்பக்கம். அபர்டீனிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஸ்பே காஸ்டிங் என்கிற இந்த வீச்சு முறை பிறந்ததே அந்த ஆற்றில்தான், 19ஆம் நூற்றாண்டில். அங்கே போய் நின்றால் காரணம் உடனே புரியும். வேகமான, அகலமான ஆறு. கரையோரம் முழுக்க மரம். லைனைப் பின்னால் நீளமாக வீச இடமே கிடையாது. அதனால் லைனின் நுனியை மட்டும் தண்ணீரில் பதிய வைத்து, மீதியைத் தோளுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து டி போல வளைத்து, அந்த வளைவின் பலத்தில் முன்னால் அனுப்புகிறார்கள். தண்ணீரில் பதிகிற பகுதிதான் ஆங்கர்.

முதல் நாள் கொக்கியே கிடையாது. லைன் முனையில் கட்டும் மெல்லிய நரம்பான லீடரின் நுனியில் ஆசிரியர் சிவப்புக் கம்பளி நூல் கட்டிவிட்டார். எவ்வளவு தூரம் போகிறது என்று என்னைப் பார்க்கவே விடவில்லை. நூல் எங்கே விழுகிறது என்பது ஒன்றுதான் அன்றைய கேள்வி. சுமார் ஒரு ராட் நீளம் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால், போக வேண்டிய திசையைப் பார்த்தபடி லைன் விழ வேண்டும். உடம்புக்குப் பின்னால் விழுந்தால் பிடிப்பு விட்டுப்போய்ச் சாட்டை மாதிரி சத்தம் வரும். ரொம்ப முன்னால் விழுந்தால் லைன் தண்ணீரில் அதிகமாக ஒட்டி, வளைவே உருவாகாது. இதைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் பக்கத்தில் நின்று "இப்போது பார், ராட் நுனி நடுவில் தாழ்ந்தது, அதனால்தான்" என்று அந்த நொடியிலேயே ஒருவர் சொல்வது வேறு விஷயம்.

அப்புறம் கீழ்க்கை. மேல்கையால் தள்ளுகிற பழக்கம் எல்லோருக்கும் ஒரு கை ராடிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது. அதைப் போக்க, மேல்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ராடைத் தொடும்படி பிடிக்கச் சொன்னார். தள்ள முடியாது, கீழ்க்கை வயிற்றை நோக்கி இழுத்தே ஆக வேண்டும். மதியத்துக்குள் லைன் பறக்கிற விதமே மாறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

காற்றை அடுத்த நாட்களுக்கு வைத்திருந்தார். காற்று நீரோட்டத்தின் திசையிலேயே அடித்தால் டபுள் ஸ்பே அல்லது ஸ்னேக் ரோல் என்ற வீச்சு. நீரோட்டத்துக்கு எதிராக அடித்தால் சிங்கிள் ஸ்பே அல்லது ஸ்னாப் டி. மாற்றி வீசினால் காற்று கொக்கியை நம் மேலேயே கொண்டுவந்துவிடும், ஆகவே இது பாதுகாப்பு விஷயம். இரண்டு கரையிலும் இதைச் செய்ய இரண்டு தோளிலும் வீசத் தெரிய வேண்டும். இதற்குத்தான் தொடர்ச்சியான நாட்கள் வேண்டும் என்கிறேன். காலையில் திருத்தியது மாலையில் கலைந்துபோகும். மறுநாள் அதே கண் அதைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும்.

சியாட்டிலிலிருந்து:

அபர்டீன் அண்ணா சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. புதிதாக வருபவர்களுக்கு நீளமான லைனில் சிங்கிள் ஸ்பே கடினம். ஆங்கர் தண்ணீரைத் தொட்ட கணமே முன்னால் அனுப்ப வேண்டும், அந்த நேரக்கணக்கு சட்டென்று வராது. எங்கள் பக்கம் ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய்த் திரும்பும் டிரவுட் வகை) பிடிப்பவர்கள் ஸ்காஜிட் ஹெட் போடுகிறார்கள். பெயரே இங்குள்ள ஸ்காஜிட் ஆற்றிலிருந்து வந்தது. குட்டையான, கனமான லைன். ஆங்கர் தண்ணீரில் கொஞ்சம் நேரம் இருக்கும். அதனால் யோசிக்க அவகாசம் உண்டு. மூழ்கும் நுனியையும் பெரிய ஃபிளையையும் (இறகு, நூல் சுற்றிய செயற்கை இரைக் கொக்கி) சுலபமாகத் தூக்கும். இதில் தொடங்கிவிட்டு நீளமான லைனுக்குப் போவது நல்லது என்பது என் எண்ணம்.

ஒரு வகுப்புக்குப் பணம் கட்டிப் போனேன். ஆள் அதிகம், ஆசிரியர் ஒருவர். என் முறை வருவதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது. எனவே சேருவதற்கு முன்பே "ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்?" என்று கேளுங்கள். மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் கைடுகளிடமும் கற்கலாம்தான், ஆனால் அவர்களுடைய கவலை அன்றைக்கு உங்களுக்கு மீன் கிடைக்க வேண்டும் என்பது. வீச்சைத் திருத்தும் பொறுமை அங்கே கிடைப்பது அபூர்வம்.

வேலை விஷயமாகச் சான்பிரான்சிஸ்கோ போகிறவர்கள் கோல்டன் கேட் பூங்காவின் காஸ்டிங் குளங்களைப் பார்க்காமல் வராதீர்கள். 1938இல் கட்டியவை, மூன்று குளங்கள், யார் வேண்டுமானாலும் போய் வீசலாம். நன்றாக வீசும் ஒருவர் பக்கத்தில் நின்று ஒரு மாலைப் பொழுது பார்ப்பதே பெரிய பாடம்.

லண்டனிலிருந்து:

அண்ணா, ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒன்று சேர்க்கிறேன். பிரிட்டனில் கையா, ஆப்கை என்ற இரண்டு பயிற்றுநர் சங்கங்கள் தேர்வு வைத்துத் தகுதி தருகின்றன. அமெரிக்காவில் ஃபிளை ஃபிஷர்ஸ் இன்டர்நேஷனல் இரு கை வீச்சுக்கென்றே தனித் தேர்வு நடத்துகிறது. ஒரு கை வீச்சில் தகுதி பெற்றவர் எல்லாரும் இரு கை வீச்சிலும் தேர்ந்தவர் அல்ல, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். இடது தோளில் வீசிக் காட்டச் சொல்லுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஆசிரியர் சிரித்துக்கொண்டே வீசிக் காட்டினார். அன்றே அவரிடம் சேர்ந்தேன்.

புல்வெளியில் பழகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தலைக்கு மேலான வீச்சுக்குச் சரி. ஸ்பே வீச்சுக்குத் தண்ணீர் வேண்டும். புல்லில் லைன் வழுக்கும், ஆங்கர் பிடிக்காது.

அபர்டீனிலிருந்து:

ஸ்காஜிட்டில் தொடங்கலாம் என்பதை ஏற்கிறேன். என்னோடு கற்ற ஒருவருக்கு அதுதான் சீக்கிரம் வந்தது. ஸ்காட்லாந்துக்கு வருகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டப்படி தடை. ஸ்பேயில் சீசன் பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 30 வரை. ஆற்றில் சால்மன் பிடிக்கும் உரிமை தனியாருடையது, அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. பயிற்சிக் கட்டணத்தில் அது அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திங்களில் தொடங்குகிற மாதிரி விடுப்பு எடுத்தால் சனி வரை இடைவெளி இல்லாமல் கற்கலாம்.