நாளில் இருமுறை பத்து நிமிடம் மட்டும் முடங்கும் தளம்: பழுதை எங்கிருந்து தேடுவது?

கேள்வி (ஏற்காடு):
வணக்கம். காப்பிக்கொட்டையும் மிளகும் விற்கும் எங்கள் வேர்ட்பிரஸ் தளம், 1 ஜிபி நினைவகமுள்ள வாடகை சர்வரில் இயங்குகிறது. இரண்டு வாரங்களாகக் காலையிலும் மாலையிலும் "தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை" என்ற செய்தி தோன்றி, பத்து நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. மலையில் இணையம் அடிக்கடி விட்டுப்போவதால், பழுது எங்கள் பக்கமா சர்வர் பக்கமா என்றே விளங்கவில்லை.

மறுமொழி 1 (செவ்வாய்ப்பேட்டை, சேலம்):
அந்தச் செய்தியே பாதி விடையைத் தந்துவிடுகிறது. அதை அனுப்புவது வேர்ட்பிரஸ். எனவே உங்கள் இணையமும், பக்கங்களை அனுப்பும் வெப் சர்வரும், வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பியும் அப்போது வேலை செய்கின்றன, தரவுத்தளம் மட்டுமே விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடங்கலின் நேரத்தையும் நிமிடக் கணக்கில் குறித்து வையுங்கள். சர்வரின் லாக் (நிகழ்வுப் பதிவு) பெரும்பாலும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையின் தளத்தில், காலை 7.30 மணித் தடங்கலுக்கான காரணத்தை 7.30 மணி வரிகளில் மூன்று நாள் தேடினேன், அது 2.00 மணி வரிகளில் இருந்தது.

மறுமொழி 2 (சேலம்):
தளம் விழுந்தவுடன் ரீபூட் செய்துவிடாதீர்கள், தடயம் அழிந்துபோகலாம். சர்வரின் இயங்குதளமான லினக்ஸின் மையப் பகுதி எழுதும் கர்னல் லாகில் "அவுட் ஆஃப் மெமரி" (நினைவகம் தீர்ந்தது) என்ற வரியைத் தேடுங்கள். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ், பொதுவாக அதிக இடம் பிடித்திருக்கும் செயல்முறையை நிறுத்திவிடும். சிறிய சர்வரில் அது பல வேளைகளில் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்தான். நின்றதைச் சர்வரே மீண்டும் தொடங்கிவைப்பதால், பழுது தானாகச் சரியானதுபோல் தோன்றும். ஆனால் நிறுத்தப்பட்டது எது என்பதைவிட, நினைவகத்தைத் தின்றது எது என்பதே முக்கியம். குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளைக் காட்டும் கிரான் பட்டியலையும், தளத்துக்கு வந்த கோரிக்கைகளைக் காட்டும் அதே நிமிடத்தின் அணுகல் லாகையும் ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்றுக் காலை 7.42க்கு நேராக, 2.12 மணியில் அந்த வரி இருக்கிறது, பேக்கப் 2.10க்குத் தொடங்கியிருக்கிறது. அதை நம் நேரப்படி இரவு 1.30க்கு, அதாவது சர்வரில் 20.00க்கு மாற்றிவிட்டேன். மாலைத் தடங்கலின்போது பேக்கப் எதுவும் இல்லை. ஒரே முகவரியிலிருந்து, வெளிச் செயலிகள் வேர்ட்பிரஸுடன் பேசப் பயன்படும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோப்புக்கு நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் வந்துள்ளன.

மறுமொழி 2:
அது கடவுச்சொல்லை ஊகிக்கும் முயற்சியாக இருக்கக்கூடும். கைபேசிச் செயலி எதுவும் அந்தக் கோப்பைப் பயன்படுத்தவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, வெப் சர்வரிலேயே அதை அடைத்துவிடுங்கள். பிறகு பிஎச்பி ஒரே நேரத்தில் எத்தனை செயல்முறைகளைத் தொடங்கலாம் என்ற வரம்பை, 1 ஜிபிக்குள் மைஎஸ்கியூஎலுக்கும் இடம் மிஞ்சும்படி குறையுங்கள். இரவு 1.30 பேக்கப்பிலும் தரவுத்தளம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், நேரம் மாறியிருக்கிறதே ஒழியப் பழுது தீரவில்லை.