மருந்துக்கு அடங்காத மலேரியாவுக்கு நம்ம பக்கத்து மூலிகையில வழி இருக்கா? ப்ராஜெக்ட்டுக்கு யோசனை வேணும்

கல்லிடை_பாட்டனி:
எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில எம்.எஸ்சி பாட்டனி படிக்கேன், ஊரு கல்லிடைக்குறிச்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு குடுக்கணும். வழக்கமா எல்லாரும் ஒரு இலையைப் பறிச்சு காயவச்சு மெத்தனால்ல சாறு எடுத்து ரெண்டு பாக்டீரியா மேல வச்சு பாக்டீரியா வளராத வட்டத்தை அளந்து முடிச்சிருதாங்க, எனக்கு அதுல மனசு ஒட்டவே இல்ல. மலேரியா கிருமி ஒவ்வொரு மருந்தா தாண்டி வாரதைப் பத்தி படிச்சதுல இருந்து அதையே நினைச்சிட்டு இருக்கேன், க்ளோரோக்வின் மாத்திரை பால்சிபாரம்ங்கற மலேரியா கிருமிக்கு கேக்காமப் போயி எவ்வளவோ வருஷம் ஆச்சு, அதுக்கு அடுத்து வந்த ஆர்ட்டிமிசினின் மருந்துக்கும் கம்போடியாவுல ஆரம்பிச்சு இப்ப ருவாண்டா, உகாண்டாவுலயும் கிருமி தாக்குப்பிடிக்குதாம். பாபநாசம் களக்காடு மலையில இல்லாத மூலிகையா? நிலவேம்பு, வேம்பு, மஞ்சள் இப்படி ஏதாச்சும் எடுத்து மருந்துக்கு அடங்காத கிருமி மேல போட்டுப் பாக்கலாமா, எதுல இருந்து தொடங்கணும்னு சொல்லுங்க.

இன்னொண்ணு. எங்க மாமா சத்தீஸ்கர்ல ரோட்டு வேலைக்குப் போயிட்டு வைவாக்ஸ்ங்கற இன்னொரு வகை மலேரியாவோட வந்திருக்காவ. காய்ச்சல் நின்னதும் மாத்திரையை விட்டுட்டு நிலவேம்பு கஷாயம் மட்டும் குடிக்காவ, ஆச்சியும் அது போதும்னு சொல்லுதாவ. சரியா இது?

வார்டு_அக்கா:
ப்ராஜெக்ட் அப்புறம் பேசுவோம் தங்கச்சி, முதல்ல மாமாவைப் பாரு. சரியே இல்ல. வைவாக்ஸுக்கு க்ளோரோக்வின் 3 நாள், ப்ரைமாக்வின் 14 நாள். க்ளோரோக்வின் ரத்தத்துல இருக்கதைத்தான் கொல்லும், காய்ச்சலும் அதோட நின்னுரும், ஆனா கொஞ்சம் கிருமி ஈரலுக்குள்ள தூங்கிட்டு கெடக்கும், அதை எழுப்பாம கொல்லத்தான் அந்த 14 நாள் மாத்திரை, பாதியில விட்டா ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப குளிர் நடுக்கத்தோட வந்து நிக்கும், வீட்டுல உள்ளவங்க மருந்து கேக்கலன்னு நினைச்சிக்கிடுவாங்க. அது மருந்து கேக்காதது இல்ல, மருந்தை முடிக்காதது.

ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, விட்ட இடத்துல இருந்து எப்படி எடுக்கணும்னு டாக்டர் சொல்லுவாங்க, நீங்களா எண்ணிக் குடுக்க வேண்டாம். சிவப்பணுவுல ஜி6பிடிங்கற நொதி குறைபாடு இருக்கவங்களுக்கு ப்ரைமாக்வின் ரத்தத்தை உடைச்சிரும், அதனால ஒண்ணுக்கு கருப்பா போனாலோ கண்ணு மஞ்சளா இருந்தாலோ உடனே சொல்லணும். கஷாயம் குடிக்கதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லு.

தாமிரபரணி_பயோகெம்:
நல்ல கேள்விம்மா. இந்த வேலையில கொஞ்ச நாள் இருந்தவன்ங்கற முறையில நீளமாவே எழுதுதேன், பொறுமையா படி.

நீ "எந்தச் செடி கிருமியைக் கொல்லும்"னு தேடுத. அதை உலகம் பூரா தேடிட்டாங்க, சோதனைக் குழாய்க்குள்ள கொல்லுத செடி ஆயிரம் இருக்கு, உடம்புக்குள்ள போயி கொல்லுதது ரொம்பக் கம்மி. வேம்புல உள்ள கெடுனின் நல்ல உதாரணம், கல்ச்சர்ல (லேப்ல வளக்குத கிருமி மேல) நல்லா வேலை செஞ்சுது, எலிக்கு குடுத்தா அந்த அளவு எடுபடல. தேட வேண்டியது வேற, தான் கொல்லாட்டாலும் பரவாயில்ல, செத்துப்போன பழைய மருந்துக்கு உயிர் குடுக்குதான்னு பாரு.

இது எப்படின்னா, கிருமி சிவப்பணுவுக்குள்ள உக்காந்து ஹீமோகுளோபினைத் தின்னுது, அதுல மிஞ்சுத ஹீம் அதுக்கே விஷம், அதனால அதைப் படிகமாக்கி ஒதுக்கி வச்சிருது. க்ளோரோக்வின் கிருமியோட செரிமானப் பைக்குள்ள நுழைஞ்சு அந்தப் படிகமாகுத வேலையைக் கெடுக்கும். இதுக்கு கிருமி கண்டுபிடிச்ச வழி சிஆர்டின்னு ஒரு புரதம், அதுல 76வது இடத்துல லைசின்ங்கற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்துல த்ரியோனின்ங்கறது வந்துட்டுன்னா, படகுக்குள்ள ஏறுத தண்ணியை இறைச்சு வெளிய ஊத்துத மாதிரி மருந்தை பைக்குள்ள இருந்து வெளிய தள்ளிரும். 1987ல வெராபமில்னு ஒரு இதய மருந்தைச் சேர்த்துப் போட்டதும் மருந்துக்கு அடங்காத கிருமி திரும்ப க்ளோரோக்வினுக்கு அடங்கிச்சு. ஆனா அதுக்கு வேண்டிய அளவு வெராபமில் குடுத்தா மனுசன் இதயம் தாங்காது. அப்போ வெராபமில் செய்யுத வேலையை ஆபத்து இல்லாம செய்யுத பொருள் செடியில கிடைக்குமா, இதுதான் கேள்வி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மடகாஸ்கர் கதை. அங்க ஜனங்க க்ளோரோக்வின் மாத்திரையோட ஸ்ட்ரிக்னோஸ் மிர்டாய்டிஸ் செடிக் கஷாயத்தைச் சேர்த்துக் குடிக்கிற பழக்கம் வச்சிருந்தாங்க. அங்க உள்ள விஞ்ஞானிகள் அதைக் கேலி பண்ணாம எடுத்து ஆராய்ஞ்சு மலகாஷனின்னு ஒரு ஆல்கலாய்டை (செடியில உள்ள ஒரு வகை வேதிப்பொருள்) பிரிச்சாங்க, அது தனியா கிருமியை ஒண்ணும் பெருசா செய்யல, க்ளோரோக்வினோட சேர்ந்தா அடங்காத கிருமி மேல மருந்தோட வேகத்தைக் கூட்டுது. தனியா மட்டும் சோதிச்சிருந்தா "வேலை செய்யாத செடி"ன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க! (ஸ்ட்ரிக்னோஸ்னதும் நம்மூர் எட்டியை நினைச்சிராத, ஒரே பேரினம்தான் ஆனா எட்டிக்கொட்டை விஷம், கிட்ட போக வேண்டாம்.)

உனக்கு நான் சொல்லுத செடி சைக்ளியா பெல்டேட்டா, மலையாளத்துல பாடத்தாளிம்பாங்க, சீந்தில் கொடி குடும்பம். அதுல டெட்ராண்ட்ரின்னு ஒரு ஆல்கலாய்டு இருக்கு, சீனாவுல ஸ்டெஃபானியா கிழங்குல இருந்து எடுக்கதும் இதேதான். அது க்ளோரோக்வினுக்கு அடங்காத கிருமியை கல்ச்சர்ல திரும்ப அடங்க வச்சதா பழைய ஆய்வுகளே இருக்கு.

தென்காசி_பார்மா:
டாக்கிங் (ஒரு பொருள் புரதத்துல எப்படி ஒட்டும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடுதது) பண்ணிட்டா போதுமே, சிஆர்டி புரதத்தோட அமைப்பு 2019லயே வெளியாயிட்டு. கம்ப்யூட்டர்ல நாப்பது அம்பது மூலிகைப் பொருளை ஒட்டிப் பாத்து நல்ல ஸ்கோர் வந்ததை எழுதிரலாம், செலவும் இல்ல.

தாமிரபரணி_பயோகெம்:
டாக்கிங் பண்ணட்டும் தம்பி, வேண்டாம்னு சொல்லல, ஆனா அதை மட்டும் வச்சு "மருந்து கண்டுபிடிச்சாச்சு"ன்னு எழுதுத பேப்பர் ஏற்கெனவே குமிஞ்சு கெடக்கு. ஸ்கோர் நல்லா இருக்க பொருள் கிருமிக்குள்ளயே போகாம இருக்கலாம். மஞ்சளைப் பாருங்க, அதுல உள்ள குர்குமின் கல்ச்சர்ல எவ்வளவோ செய்யுது, வாய் வழியா குடுத்தா ரத்தத்துல ஏறுதது ரொம்பக் கம்மி. அப்படி இருந்தும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துல பத்மநாபன் குழு 2006ல காட்டினது முக்கியம், ஆர்ட்டீதர்ங்கற ஆர்ட்டிமிசினின் வகை ஊசி ஒண்ணு மட்டும் போட்ட எலிக்கு கிருமி திரும்பி வந்துச்சு, அதோட மூணு வேளை குர்குமின் வாயில குடுத்ததுக்கு திரும்பல, கிட்டத்தட்ட எல்லா எலியும் பிழைச்சுது. இங்கயும் மூலிகை துணைக்குத்தான் வந்துச்சு, தனியாளா இல்ல.

களக்காடு_சித்தா:
தாயி, நான் சித்தா டாக்டர்தான், ஆனா உங்க மாமா விஷயத்துல அந்த அக்கா சொன்னதுதான் என் பேச்சும். நிலவேம்புக் குடிநீர் நிலவேம்பு மட்டும் இல்ல, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் எல்லாம் சேர்ந்த ஒன்பது சரக்கு. காய்ச்சலுக்கு துணையா நானும் குடுக்கேன். ஈரல்ல தூங்குத மலேரியாக் கிருமியை அது கொல்லும்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் கெடையாது, அதனால ப்ரைமாக்வினுக்கு பதிலா யாருக்கும் குடுக்க மாட்டேன்.

ஆய்வுன்னு வந்தா, நிலவேம்புல உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடும் குர்குமினும் சேர்ந்தா கிருமி மேல தனித்தனியா செய்யுததை விட கூடுதலா வேலை செய்யுதுன்னு நம்ம நாட்டு ஆய்வே இருக்கு. மிளகுல உள்ள பைப்பரின் குர்குமினை உடம்புல கூட ஏற வைக்கும். ஆனா அதே பைப்பரின் மத்த மருந்தையும் ஏத்தி விடும், அதனால சேர்க்கைன்னாலே நல்லதுன்னு எடுத்துக்கக் கூடாது.

சாறு எடுக்குத முறையில கவனமா இரு. சீனாவுல தூ யூயூ அம்மா முதல்ல கொதிக்க வச்சு எடுத்ததுல பலன் நிலையா வரல, பழைய ஏட்டுல பச்சையா தண்ணியில ஊறப்போட்டுப் பிழியச் சொல்லியிருந்ததைப் பாத்து ஈதர்ல குறைஞ்ச சூட்டுல எடுத்த பிறகுதான் ஆர்ட்டிமிசினின் கைக்கு வந்துச்சு, 2015ல நோபல் குடுத்தாங்க. ஆனா ஆர்ட்டிமிசினின் எடுத்த அதே மாசிப்பச்சை இனத்துச் செடியை டீ போட்டுக் குடிச்சா போதும்னு இப்ப சில பேர் விக்காங்க, உலக சுகாதார நிறுவனம் கூடாதுன்னு சொல்லியிருக்கு. டீயில உள்ள அளவு கிருமியைக் கொல்லப் பத்தாது, பாதி உயிரோட விட்டு பழக்கித்தான் விடும்.

இன்னொண்ணு, முண்டந்துறை காட்டுக்குள்ள போயி வனத்துறை அனுமதி இல்லாம ஒரு இலை பறிக்கக் கூடாது. மயிலாறு பக்கம் காணி பழங்குடி மக்கள்கிட்ட மூலிகை கேட்டு எழுதினா அவங்க சம்மதத்தோட, அவங்க பேரைப் போட்டு எழுது. கேரளப் பக்கம் ஆரோக்கியபச்சைங்கற மூலிகையில வந்த வருமானத்துல காணிகளுக்கும் பங்குன்னு பேசி முடிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு, நாமளும் அதைப் பழகணும்.

கல்லிடை_பாட்டனி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமாவை நாளைக்கே கூட்டிட்டுப் போறோம், ஆச்சிகிட்டயும் பேசிட்டேன். அண்ணே, பாடத்தாளின்னே முடிவு பண்ணுதேன். ஆனா எங்க காலேஜ்ல மலேரியா கிருமி வளக்க வசதி இல்லியே, என்ன செய்ய?

தாமிரபரணி_பயோகெம்:
எம்.எஸ்சிக்கு வளக்க வேண்டாம்மா. உன் பங்கு கொடியைச் சரியா அடையாளம் பாத்து ஹெர்பேரியத்துல (காஞ்ச செடி சேகரிப்புல) ஒரு மாதிரி வைக்கது, கிழங்குல இருந்து ஆல்கலாய்டு பகுதியைத் தனியா எடுக்கது, அதுல டெட்ராண்ட்ரின் எவ்வளவுன்னு அளக்கது. வேலியோரம் வளருதது கிடைச்சா அதையே எடு, காட்டுக்குப் போகாத. ஹீமைப் படிகமாக்குத சோதனை கிருமி இல்லாமலே குழாய்ல பண்ணலாம், க்ளோரோக்வினை ஒப்பீட்டுக்கு வச்சுக்கோ.

கிருமி மேல பாக்கணும்னா டெல்லி தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்துல கிருமி வங்கி இருக்கு, உங்க கைடு மூலமா வசதி உள்ள லேப் ஒண்ணோட சேர்ந்து கேக்கணும். அப்போ 3டி7ங்கற அடங்குத வகை, டிடி2ங்கற அடங்காத வகை ரெண்டுலயும் க்ளோரோக்வினைத் தனியாவும் உன் பொருளோட சேர்த்தும் போடணும். டிடி2ல மட்டும் மருந்தோட வேகம் ஏறி 3டி7ல ஏறலன்னா மருந்தை வெளிய தள்ளுததை அடைச்சிருக்குன்னு நம்பலாம், ரெண்டுலயும் ஒண்ணு போல ஏறுனா உன் பொருளும் கூட நின்னு கொல்லுது, அவ்வளவுதான். இதை இப்பவே கைடுகிட்ட எழுதிக் காட்டு, பிறகு யாரும் வந்து ஏன் தனியா கொல்லலன்னு கேக்க மாட்டாங்க.

வார்டு_அக்கா:
மாமாவோட பழைய சீட்டையும் ரத்தப் பரிசோதனை பேப்பரையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க. எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கோ அந்த அட்டையோட கொண்டு போங்க.