பொருள்: ‘வர்க்கப் பூர்த்தி’க்குப் பதில் ‘சதுரம் நிரப்பல்’

ஐயா, வணக்கம்.

இருபடிச் சமன்பாட்டை முழு வர்க்கமாக்கித் தீர்க்கும் முறைக்கு (completing the square) ‘வர்க்கப் பூர்த்தி’ என்பது பத்தாம் வகுப்புப் பாடநூலில் நிலைத்துவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ‘இருபடிச் சமன்பாடு’, ‘காரணிப்படுத்தல்’, ‘தன்மைக்காட்டி’ எல்லாம் எனக்கும் சம்மதம்தான். இந்த ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை. இந்த முறையே ஒரு படம். அந்தப் படம் சொல்லில் தெரியவில்லை.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: ய² + 10ய = 39. பக்கம் ‘ய’ உள்ள ஒரு சதுரம் வரைகிறோம். 10ஐப் பாதியாக்கி, 5 அகலமுள்ள இரண்டு பட்டைகளை அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுகிறோம். மொத்தப் பரப்பு 39. ஐந்துக்கு ஐந்து அளவில் ஒரு மூலை மட்டும் காலியாக நிற்கிறது. அதில் 25ஐ நிரப்பினால் 64; பெரிய சதுரத்தின் பக்கம் 8; ய = 3. ‘பாதியாக்கு, வர்க்கப்படுத்து, இருபுறமும் கூட்டு’ என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வது இந்த மூலையைத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதை வரைந்து காட்டியபோது, “மூலையை அடைக்கணும், அவ்வளவுதானே?” என்று கேட்டாள். ‘வர்க்கம்’ என்ற சொல்லில் அவளுக்கு அதுவரை சதுரமே தெரிந்திருக்கவில்லை.

ய² − 6ய = 16 போன்றவற்றில் பட்டையை வெட்டித்தானே எடுக்கிறோம், நிரப்பல் எப்படிப் பொருந்தும் என்றும் கேட்டிருந்தீர்கள். சரியான கேள்வி. இரு பக்கமும் 3 அகலப் பட்டையைக் கழிக்கும்போது, மூன்றுக்கு மூன்று மூலைத்துண்டு இரண்டு முறை கழிந்துவிடுகிறது. ஒரு முறை திருப்பி வைக்க வேண்டும். 16 + 9 = 25, பக்கம் 5, ய = 8. ஆக, இங்கும் மூலையை நிரப்பத்தான் செய்கிறோம். −2 என்ற இன்னொரு மூலம் இந்தப் படத்தில் வராது. அல்-குவாரிஸ்மியும் மிகை மூலங்களை மட்டுமே கொண்டார். அந்த −2ஐப் பெறக் குறியீட்டு வழிக்குத்தான் போக வேண்டும்.

‘சதுர நிறைவு’ என்ற உங்கள் மாற்று அழகாக இருக்கிறது. ஆனால் நிறைவு என்பது முடிந்த நிலை, நிரப்பல் என்பது நாம் செய்யும் வேலை. ‘சதுரம் நிரப்பித் தீர்க்க’ என்று வினாத்தாளிலும் இயல்பாக எழுதலாம். ‘வர்க்கமூலம்’ அப்படியே இருக்கட்டும், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

அப்புறம், ‘சதுரம் நிரப்பல்’ என்று பிரித்தே எழுதலாமா, ‘சதுரநிரப்பல்’ என்று சேர்க்கலாமா?